ஸ்கூல் லைப்ரரில புக்ஸ் கேட்டலாக் பண்றது எப்படி? புதுசா சேர்ந்தவங்களுக்கு

நான் சேர்ந்தப்ப அலமாரில இருந்ததை விட பதிவாகாம தரையில கிடந்த புக்ஸ்தான் அதிகம். சொல்லித்தர ஆள் இல்ல, தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டேன். அந்த வரிசையிலயே சொல்றேன். சீல் குத்துறது, ரெஜிஸ்டர்ல கோடு போடுறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

ஸ்டெப் 1: அக்சஷன் நம்பர்
வந்த வரிசையில ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நம்பர். ஒரே புக் மூணு காப்பி இருந்தா மூணு அக்சஷன் நம்பர், ஆனா கால் நம்பர் (call number, புக் அலமாரில எங்க இருக்கணும்னு காட்டற நம்பர்) மூணுக்கும் ஒண்ணுதான். தொலைஞ்ச புக்கோட நம்பரை வேற புக்குக்கு திருப்பி குடுக்காதீங்க.

ஸ்டெப் 2: விவரம் எழுதுறது
அட்டையைப் பாத்து எழுத வேண்டாம். உள்ள இருக்கற தலைப்புப் பக்கம்தான் கணக்கு, ஏன்னா ரெண்டுலயும் பேரு கொஞ்சம் மாறி இருக்கறது உண்டு. அந்தப் பக்கத்தைத் திருப்பினா பதிப்பு, வருஷம், ஐஎஸ்பிஎன் (புக்கோட சர்வதேச அடையாள எண்) இருக்கும், சிலதுல டியூயி நம்பரே (புக்ஸை பொருள் வாரியா பிரிக்கற எண்) அச்சடிச்சிருப்பாங்க, அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 3: டியூயி நம்பர்
நான் மாட்டினது இங்கதான். நிலாவைப் பத்தின புக் ஒண்ணு, 523.3-னு போட்டேன், சரிதானே, வானியல். ரெண்டு மாசம் கழிச்சு அதே புக்கோட இன்னொரு காப்பி வந்துச்சு, அன்னைக்கு புரட்டிப் பாத்தா பாதிக்கு மேல மனுஷங்க ராக்கெட்ல நிலாவுக்குப் போன கதை, உடனே 629.45-னு போட்டுட்டேன், அது விண்வெளிப் பயணத்துக்கான இடம். இப்ப ஒரே புக் ரெண்டு அலமாரில! ஒரு பொண்ணு "மிஸ், இந்த புக் இல்லையா"னு கேட்டப்ப நான் 523 பக்கம் மட்டும் தேடிட்டு "யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா"னு சொல்லி அனுப்பிட்டேன். புக் நாலு அலமாரி தள்ளி சும்மா இருந்துச்சு. அது எனக்கு இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம் ரெண்டு பழக்கம் வச்சுக்கிட்டேன். ஒண்ணு, தலைப்பை மட்டும் நம்பாம பொருளடக்கத்தைப் பாத்து, புக் எதைப் பத்தி அதிகமா பேசுதுனு முடிவு பண்றது. திமிங்கிலம் கடல்ல இருக்குனு மீனோட 597-ல போட்டுடாதீங்க, அது பாலூட்டி, 599.5. ரெண்டாவது, நம்பர் போடறதுக்கு முன்னாடி இதே புக்கோ இதே மாதிரி புக்கோ நம்மகிட்ட ஏற்கனவே எங்க இருக்குனு தேடிப் பாக்கறது. நம்பர் கச்சிதமா இருக்கறதை விட ஒரே மாதிரி இருக்கறதுதான் பிள்ளைங்களுக்கு உதவும். புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் ஸ்கூலுக்கு தாராளம்.

தமிழ் நாவலுக்கு 894.8113-னு இருக்கு, ஆனா ஸ்கூல்ல கதைப் புக்ஸை தனி அலமாரில ஆசிரியர் பேர் வரிசையில வைக்கறதுதான் நல்லதுனு நான் நினைக்கறேன்.

ஸ்டெப் 4: ஆசிரியர் பேரு, லேபிள்
நம்பருக்குக் கீழ ஆசிரியர் பேரோட முதல் மூணு எழுத்து. இனிஷியலை விட்டுட்டு பேரை எடுங்க, இல்லேன்னா மு. இனிஷியல்காரங்க எல்லாரும் ஒரே இடத்துல குவிஞ்சிடுவாங்க. லேபிள் எல்லா புக்லயும் ஒரே உயரத்துல இருக்கட்டும், மேல தெளிவான டேப் ஒட்டுங்க. புக் உள்ளயும் பென்சில்ல கால் நம்பரை எழுதிடுங்க, லேபிள் ஒருநாள் உரிஞ்சு வரும்.

எதுல பதியறது? கோஹா-னு ஒரு லைப்ரரி சாஃப்ட்வேர், இலவசம், ஐஎஸ்பிஎன் போட்டா வேற லைப்ரரி பதிவை அப்படியே இழுத்துக்கலாம், ஆனா இன்ஸ்டால் பண்ணித் தர ஆள் வேணும். ஆள் இல்லேன்னா எக்செல் போதும், பின்னாடி மாத்திக்கலாம்.

அப்டேட்: எக்செல்ல 005-னு அடிச்சா வெறும் 5 ஆகுது, ஐஎஸ்பிஎன் 9.78E+12-னு வருதுனு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த column-ஐ டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாத்திடுங்க. 005 கம்ப்யூட்டர் புக்ஸ் நம்பர், பூஜ்யம் போச்சுன்னா வரிசையே குலைஞ்சிடும்.

இன்னொருத்தர், உதவிக்கு வர்ற பிள்ளைங்க 598.9-க்கு அப்புறம் 598.25-ஐ அடுக்கறாங்கனு எழுதியிருந்தாங்க. இருபத்தஞ்சு ஒன்பதை விட பெருசுனு நினைச்சிடறாங்க. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடச் சொல்லுங்க, 2 முன்னாடி, 9 பின்னாடி. நான் அஞ்சு அட்டையில நம்பர் எழுதிக் குடுத்து வரிசைப்படுத்த சொல்றேன், ரெண்டாவது தடவையே சரியா வச்சிடறாங்க.