பழைய காருக்கு கூலன்ட் டேங்க் நாமளே மாத்துறது எப்படி? ராம்நாடு கடலோரத்துல வண்டி வச்சிருக்கவங்களுக்கு

பத்து வருசம் தாண்டின கார் வச்சிருக்கீங்கன்னா ஒரு தடவை பானட்டைத் திறந்து அந்த கூலன்ட் டேங்கோட, அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம் நிக்கிற பிளாஸ்டிக் டப்பாவோட, நிறத்தைப் பாருங்க. புதுசுல உள்ள இருக்க கூலன்ட் மட்டம் வெளியில இருந்தே தெளிவா தெரியும், இப்ப மஞ்சளாகி பழுப்பாகி உள்ள எவ்வளவு இருக்குன்னே தெரியலன்னா அந்த பிளாஸ்டிக்குக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம். இன்ஜின் சூடும் ஆறுறதும் மாறி மாறி பல வருசம் தாங்கி பிளாஸ்டிக் மொறுமொறுப்பாயிரும், அப்புறம் ரெண்டு பாதியும் ஒட்டியிருக்க அந்த ஜாயின்ட்டுல மயிரிழை மாதிரி விரிசல் விடும். கடல் காத்து பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது, ஆனா டேங்கைப் பிடிச்சிருக்க போல்ட்டு, ஹோஸ் கிளிப்பு எல்லாத்தையும் துருப்பிடிக்க வச்சு கழட்டுற வேலையை இழுத்தடிச்சிரும். அதனால மதுரைக்காரங்க போடுற வீடியோ விளக்கத்தை விட நமக்கு கொஞ்சம் கூடுதலா சொல்ல வேண்டியிருக்கு.

முதல்ல உங்க வண்டியில இருக்கது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கங்க. மாருதி 800 மாதிரி வண்டிகள்ல பிரஷர் மூடி ரேடியேட்டர் மேல இருக்கும், பக்கத்துல இருக்க பாட்டில் வழிஞ்சு வர்றதைப் பிடிச்சு வைக்கிற சாதாரண டப்பா, அதுல பிரஷர் கிடையாது. போலோ, ஃபிகோ மாதிரி வண்டிகள்ல ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, டேங்க் மேலதான் கனமான திருகு மூடி இருக்கும், டேங்கே முழு பிரஷரையும் தாங்கும். நான் சொல்லப்போறது இந்த ரெண்டாவது வகைக்கு.

பிரஷர் ஏன்னு கேட்டா, கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா திறந்த பாத்திரத்துல ஏறக்குறைய 107 டிகிரியில கொதிச்சிரும், ஆனா மூடி 1 பாருக்கு (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு) மேல அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதால 120 டிகிரி தாண்டியும் கொதிக்காம சுத்திட்டு இருக்கும். டேங்குல விரிசல் விட்டா கூலன்ட் குறையுறது மட்டும் இல்ல, அந்த அழுத்தமும் போயிரும், சித்திரை வெயில்ல ஏசி போட்டுட்டு பரமக்குடி பக்கம் போறப்ப டெம்பரேச்சர் முள்ளு ஏறுறதுக்கு அது போதும். அதனாலதான் விரிசல்ல பசை தடவி ஓட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். சூட்டுலயும் அழுத்தத்துலயும் அந்த பிளாஸ்டிக் விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கும், பசை எங்கயாவது நடுரோட்டுல விட்டுரும்.

டேங்குதான் போயிருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது

காலையில வண்டி நல்லா ஆறியிருக்கப்ப டார்ச் அடிச்சு ஜாயின்ட் ஓரம், மூடி உக்கார்ற கழுத்து, ஹோஸ் மாட்டுற மூக்கு மூணையும் பாருங்க. பச்சையாவோ ரோஸாவோ வெள்ளையாவோ காஞ்ச பொருக்கு ஒட்டியிருந்தா அங்கதான் கசியுது. ஈரமா இருக்கணும்னு அவசியமில்ல, சின்ன விரிசல் இன்ஜின் சூடா இருக்கப்ப மட்டும் திறக்கும், சொட்டு வெளிய வந்த உடனே ஆவியாயிரும், பொருக்கு மட்டும் மிஞ்சும். வண்டியை நிறுத்தினதும் லேசா இனிப்பு வாடை அடிச்சா அதுவும் கூலன்ட்தான்.

ஒண்ணு மட்டும் கவனம். கூலன்ட்ல எண்ணெய் மிதந்தாலோ, காபி கலர்ல கூழா இருந்தாலோ, ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின உடனே டேங்குல குமிழி குமிழியா விடாம வந்தாலோ அது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்க அடைப்புத் தகடு) சமாச்சாரமா இருக்கலாம், டேங்க் மாத்தி பிரயோஜனமில்ல, நேரா மெக்கானிக்கிட்ட போயிருங்க.

என்னென்ன வாங்கணும்

டேங்க், புது மூடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப், வண்டி மேனுவல்ல சொல்லியிருக்க வகை கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். டேங்குக்கு மாடல் பேரை மட்டும் சொல்லி கேக்காதீங்க, ஆர்சி புக்ல இருக்க சேஸிஸ் நம்பரைக் கொடுங்க, ஒரே மாடல்ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஹோஸ் மூக்கு மாறும். ராம்நாட்டுல கிடைக்கலன்னா மதுரையில இருந்து வரவச்சுத் தருவாங்க. வந்ததும் பழைய டேங்கோட போட்டோவை வச்சு மூக்கு எத்தனை, எந்தப் பக்கம் பாக்குது, சென்சார் ஓட்டை இருக்கான்னு கடையிலயே ஒப்பிட்டுப் பாருங்க.

மூடியைக் கண்டிப்பா சேர்த்து மாத்துங்க. உள்ள இருக்க வால்வு மாட்டிக்கிட்டா அழுத்தம் அளவுக்கு மீறி ஏறி புது டேங்கையும் பிளந்துரும். மூடி மேல போட்டிருக்க பார் அளவு பழசுல இருக்கதேதான் இருக்கணும், அதிகமா இருந்தா நல்லதுன்னு நினைச்சு வாங்கிராதீங்க.

கூலன்ட் நிறத்தைப் பாத்து வாங்குறதும் தப்பு, நிறம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ரெண்டு வகையைக் கலந்தா சில சமயம் கெட்டியாகி ரேடியேட்டரை அடைச்சிரும். தண்ணி விசயத்துல இன்னும் கறாரா இருங்க. நம்ம பக்கம் பல ஊர்ல போர் தண்ணி உப்பு, குடிக்கிறதுக்கே தள்ளுவண்டியில குடத்தை அடுக்கித் தள்ளிட்டுப் போற ஊரு இது, அந்த உப்புத் தண்ணியை இன்ஜினுக்குள்ள ஊத்தினா அலுமினியத்தை அரிச்சு, ரேடியேட்டர் குழாய்க்குள்ள உப்புப் படிஞ்சு, கடைசியில டேங்க் விலையை விட பல மடங்கு செலவு வைக்கும். நம்ம ஊர்ல பனி உறையாது, கூலன்ட் எதுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க. துருப்பிடிக்காம காக்குறதுக்கும் கொதிநிலையை ஏத்துறதுக்கும் நமக்குத்தான் அது அதிகமா தேவை.

கழட்டுற வேலை

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில விடியக்காலையில ஆரம்பிங்க. சூடான மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கிற கூலன்ட் மூஞ்சியில பீச்சியடிச்சிரும். ஆறினதா தெரிஞ்சாலும் மேல தடிமனான துணியைப் போட்டு கால் சுத்து திருகி, உஸ்ஸுன்னு சத்தம் வந்தா அது அடங்குற வரைக்கும் நின்னு அப்புறம் முழுசா திறங்க. காலையில ஆரம்பிக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம், மதியத்துக்கு மேல கடல் காத்து எடுத்துச்சுன்னா மணல் பறக்கும், திறந்து கிடக்குற ஹோஸுக்குள்ள மணல் போனா வாட்டர் பம்ப்புக்கு ஆகாது. சிமெண்ட் தரையில நிறுத்துங்க, ஹோஸ் கழட்டின உடனே வாயில சுத்தமான துணியைத் திணிச்சு வைங்க.

இன்ஜின் முழுசையும் வடிக்க வேண்டியதில்ல. டேங்குல இருக்கதை மட்டும் பெரிய சிரிஞ்சும் டியூபும் வச்சு உறிஞ்சி ஒரு கேனுக்கு மாத்துங்க. வாயால உறிஞ்சிராதீங்க, அது விஷம்.

அடுத்து டேங்கைப் பிடிச்சிருக்க போல்ட்டு, நிறைய வண்டியில 10 நம்பர் ஸ்பேனர்தான். துருவேறி இருந்தா முந்தின நாள் சாயந்திரமே துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு வச்சிருங்க, அடம்பிடிக்கிற போல்ட்டை ஒரே மூச்சுல திருகாம கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்க. முறிஞ்சு போச்சுன்னா பாதி நாள் அதுலயே போயிரும்.

இப்ப ஹோஸ். இங்கதான் அவசரப்படக்கூடாது. ஸ்பிரிங் கிளிப்பா இருந்தா பிளையரால காதை அமுக்கி ஹோஸ் மேல பின்னாடி தள்ளிக்கங்க. வருசக்கணக்கா ஒட்டிக்கிட்ட ஹோஸை இழுக்காதீங்க, கையால இடமும் வலமும் முறுக்குங்க, ஒட்டு விட்டதும் தானா வழுக்கிட்டு வரும். ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டு நெம்பினா ஹோஸ் உள்பக்கம் கிழியும், இல்லன்னா இன்ஜின் பக்கத்து பிளாஸ்டிக் மூக்கு உடையும். கீழ் ஹோஸைக் கழட்டுறப்ப மிச்சம் இருக்க கூலன்ட் கொட்டும், பேசினைத் தயாரா வைங்க. கழட்டின ஹோஸை மடக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சாலோ கல்லு மாதிரி இறுகிப்போயிருந்தாலோ அதையும் இப்பவே மாத்திருங்க. லெவல் சென்சார் வயர் இருந்தா லாக்கை அமுக்கிட்டு சாக்கெட்டைப் பிடிச்சு எடுங்க, வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.

மாட்டுறது

புது டேங்குக்குள்ள பேக்கிங் தூள் இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசிருங்க. ஹோஸ் வாயில கொஞ்சம் கூலன்ட்டைத் தடவினா சுலபமா ஏறும், கிரீஸ் தடவினா ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். மூக்குல மேடா இருக்க வளையத்தைத் தாண்டி ஹோஸ் முழுசா ஏறணும், கிளிப் அந்த வளையத்துக்கும் டேங்குக்கும் நடுவுல உக்காரணும். போல்ட்டை பிளாஸ்டிக் நசுங்குற அளவுக்கு இறுக்க வேண்டாம்.

ஊத்துறது, காத்து எடுக்குறது

எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு பெரும்பாலானவங்க விட்டுர்ற இடம் இதுதான், ஆனா உள்ள காத்து மாட்டிக்கிட்டா டேங்க் நிறைஞ்சு தெரியும், இன்ஜின் மட்டும் அளவுக்கு மீறி சூடேறும். கலவையை மெதுவா, மேல் கோட்டை எட்டுற வரைக்கும் ஊத்துங்க, பெரிய ஹோஸ்களை கையால அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழி வந்து மட்டம் இறங்கும், திரும்ப ஊத்துங்க. மேனுவல்ல காத்து எடுக்குற ஸ்க்ரூ இருக்குன்னு போட்டிருந்தா அதைத் தளர்த்தி, காத்து நின்னு கூலன்ட் மட்டும் வர்றப்ப மூடுங்க.

மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஹீட்டர் இருக்க வண்டின்னா முழு சூட்டுல வைங்க, ஏசியை அணைச்சே வைங்க, ஏன்னா ஏசி ஓடுனா ரேடியேட்டர் ஃபேன் அதுக்காகவே சுத்தும், இன்ஜின் சூட்டுக்கு சுத்துதான்னு கண்டுபிடிக்க முடியாது. ஃபேன் தானா ஓடி நிக்கிறது ரெண்டு தடவை நடக்கட்டும். முள்ளு நடுவைத் தாண்டி ஏறுனா, இல்ல இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டர்ல குளிர்ந்த காத்தே வந்தா இன்னும் காத்து மாட்டியிருக்கு, அணைச்சு முழுசா ஆறவிட்டு திரும்ப நிரப்புங்க. அப்புறம் ஆறின இன்ஜின்ல மட்டம் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும், மேல காலியிடம் வேணும், சூடானா கூலன்ட் விரியும்.

பழைய கூலன்ட்டை மணல்லயோ ஊருணி ஓரத்துலயோ கொட்டாதீங்க. இனிப்பா இருக்கதால நாயும் ஆடும் நக்கும், நக்கினா செத்துப்போகும். மூடி போட்ட கேன்ல அடைச்சு, பழைய ஆயில் எடுத்துக்கிற ஒர்க்‌ஷாப்ல கேட்டு கொடுத்துருங்க, தரையில சிந்தினதையும் தண்ணி விட்டு துடைச்சிருங்க.

முதல் ஓட்டம் உச்சிப்புளி வரைக்கும் போயிட்டு வாங்க, உடனே ராமேஸ்வரம் கிளம்பாதீங்க, பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல முள்ளு ஏறுனா ஓரங்கட்ட இடமில்ல. சந்தேகம் இருந்தா மண்டபத்துலயே நிறுத்திப் பாத்துருங்க. அடுத்த சில நாள் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மட்டத்தைப் பாருங்க. முதல்ல கொஞ்சம் இறங்குறது மிச்சக் காத்து வெளிய வர்றதால, நிரப்பினா நின்னுரும். அதுக்கப்புறமும் இறங்கிட்டே இருந்தா வாட்டர் பம்ப் கீழயும் ரேடியேட்டர் ஓரத்துலயும் ஈரம் இருக்கான்னு பாத்துட்டு, ஒர்க்‌ஷாப்ல பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பம்ப்பை மாட்டி காத்து அடிச்சா எங்க கசியுதுன்னு வண்டி ஓடாமலே காட்டிக்கொடுத்துரும்.