சப்பைத் தண்ணீருக்கு நீல விளக்கா? வீட்டில் புற ஊதா விளக்கு பொருத்தும் முறை

எங்கள் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, காங்கேயம் பக்கம். குழாயில் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் போர்த் தண்ணீர், அதாவது உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணீர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டில் எல்லாருக்கும் மாறி மாறி வயிற்றுப்போக்கு வந்தது. உடனே ஒரு புற ஊதா விளக்கை வாங்கிப் போர்க் குழாயில் மாட்டிவிட்டேன். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சோக்குப் பெட்டியில் பச்சைப் புள்ளி எரிந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். பதினோரு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், விளக்கை மூடியிருந்த கண்ணாடி உறை சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் எந்தத் தண்ணீருக்கு விளக்கைக் கட்டுவது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று புரிந்தது. விலை, வாட்ஸ், கம்பெனி எல்லாம் அதற்கு அப்புறம்.

விளக்கு என்ன செய்கிறது?

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது பாதரச ஆவி விளக்கு. அது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் அதோடு ஒட்டிவரும் உபரிதான். வேலை செய்யும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கிருமியின் டி.என்.ஏ. ஏறக்குறைய இதே அலைநீளத்தில்தான் கதிரை நன்றாக உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் அதில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் அந்த டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க முடியாது. கிருமி செத்துவிடுகிறது என்பதைவிட மலடாகிவிடுகிறது என்று சொல்வதே சரி. குடலுக்குள் போனாலும் பெருக முடியாத கிருமியால் நோய் வராது.

இது புதிய வித்தை அல்ல. வெயிலுக்குப் பாக்டீரியாவை ஒடுக்கும் சக்தி உண்டு என்று டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர் 1877இல் காட்டினார்கள். 1910இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் குடிநீருக்கே புற ஊதா விளக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். குளோரின் மலிவாகக் கிடைத்ததால் விளக்கு பின்னால் போய்விட்டது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் கலந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணி அது. புற ஊதாக் கதிருக்கோ குறைந்த அளவிலேயே அடங்கிவிடும். அடினோ வைரஸ் நேர்மாறு. அதை அடக்கப் பல மடங்கு கதிர் வேண்டும்.

விளக்கை மாட்டியபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இதில் உப்புப் போய்விடுமா?" என்று கேட்டார். "போகாதுங்க பெரியப்பா" என்றேன். "அப்புறம் எதற்கு இத்தனை காசு?" என்றார். நியாயமான கேள்விதான். உப்பு, கடினத்தன்மை, ஃபுளூரைடு, நைட்ரேட், சாயம் எதையும் இந்த விளக்கு தொடாது. கிருமி ஒன்றுதான் இதன் கணக்கு.

முதல் படி: தண்ணீரைப் பரிசோதியுங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். கலங்கல், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, இரும்பு, கோலிஃபார்ம் (மலம் கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய குளிர்பானப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால் பாட்டிலில் இருக்கும் கிருமிதான் அறிக்கையில் வரும். பிடித்ததை ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

விளக்குக்கு ஏற்ற தண்ணீர் என்றால் கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு), இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள், கடினத்தன்மை லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் போரில் கடினத்தன்மை 640 என்று வந்தது. அப்புறம் உறை வெளுக்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் படி: எந்தக் குழாய்க்கு?

சிறுவாணி, பில்லூர், ஆழியாறு, பவானி என்று ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் கடினத்தன்மை தொல்லை இல்லை. அந்தத் தண்ணீரை நிலத்தொட்டியில் நிரப்பி ஒரு வாரம் பத்து நாள் வைத்துப் புழங்குகிறோம், சிக்கல் அங்கேதான் வருகிறது. வரும்போது இருந்த குளோரின் நாளாக நாளாகக் கரைந்து போய்விடும். மூடி இடுக்கில் பல்லி, கரப்பான், தூசி எல்லாம் இறங்கும். புற ஊதா விளக்கு என்றே செய்துவைத்த வேலை இது. என் விளக்கைப் போர்க் குழாயிலிருந்து கழற்றி, நிலத்தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் குழாயில் மாட்டியபின் தொல்லை தீர்ந்தது. சப்பைத் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட இருக்கட்டும்.

சப்பைத் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், முதலில் சவ்வு வழியே உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி, அதற்குப் பின்னால் விளக்கு. டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. அதைத் தாண்டிய தண்ணீருக்கு வெறும் விளக்கை விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: வரிசை

தொட்டி, மோட்டார், 20 மைக்ரான் வடிகட்டி, 5 மைக்ரான் வடிகட்டி, கடைசியில் விளக்கு, அதை அடுத்து நேராகக் குழாய். வாடை இருந்தால் விளக்குக்கு முன் கார்பன் வடிகட்டி ஒன்று சேர்க்கலாம். ஒரு தூசித் துணுக்கின் மறைவில் ஒண்டிக்கொண்ட பாக்டீரியாமேல் கதிர் படாது. வடிகட்டி வேண்டும் என்பது அதனால்தான். விளக்குக்குப் பின்னால் இன்னொரு தொட்டி கட்டாதீர்கள். குளோரின்போல் தண்ணீரோடு கூட வந்து காவல் இருக்கும் குணம் இந்தக் கதிருக்கு இல்லை. விளக்கைத் தாண்டிய தண்ணீரில் புதிதாகக் கிருமி விழுந்தால் விழுந்ததுதான்.

நான்காம் படி: வேகத்தை அளந்து பாருங்கள்

கதிரின் அளவு என்பது வெளிச்சத்தின் வலுவையும் தண்ணீர் அதில் நிற்கும் நேரத்தையும் பெருக்கி வருவது. குடிநீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கருவியின் அட்டையில் அந்த அளவும், எத்தனை லிட்டர் வேகத்துக்கு அது கிடைக்கும் என்பதும் இரண்டும் போட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று போட்டிருந்தால், 10 லிட்டர் வாளி நிரம்ப இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிரப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 40 வினாடியில் நிரம்பிவிட்டது, அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். கதிர் படும் நேரம் வேண்டியதில் கால்பங்கு சொச்சம்தான். விளக்குக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும் ஒரு சிறிய அடைப்பான் போட்டபின் சரியானது. குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். காதில் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: பொருத்துதல்

வெயிலும் மழையும் படாத சுவர் வேண்டும். விளக்கை உருவி வெளியே எடுக்க, விளக்கு உட்கார்ந்திருக்கும் கலத்தின் நீளம் அளவுக்கு ஒரு பக்கம் காலி இடம் விடுங்கள். பிளம்பர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். பிறகு விளக்கு மாற்றச் சுவரை இடிக்க வேண்டிவரும். இரண்டு பக்கமும் வால்வு, எர்த் இணைப்போடு தனி பிளக். மின்சாரம் போனால் தண்ணீரை நிறுத்தும் சோலினாய்டு வால்வு கட்டாயம். இல்லையென்றால் மின்வெட்டில் சுத்தம் செய்யாத தண்ணீர் சத்தமில்லாமல் குழாய்க்கு வந்துவிடும்.

விளக்குக்கு அப்புறம் உள்ள குழாயில் பழைய பாசி இருக்கும். வடிகட்டிக் கூட்டிலிருந்து உருளையை எடுத்துவிட்டு, வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஒரு டம்ளர் ஊற்றி மூடுங்கள். குழாயில் குளோரின் நெடி வரும்வரை திறந்து, நெடி வந்ததும் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு நெடி போகும்வரை ஓடவிடுங்கள். ஆர்.ஓ. சவ்வு இருக்கும் குழாயில் இதைச் செய்யக் கூடாது, குளோரின் அதைக் கெடுத்துவிடும்.

விளக்கை அடிக்கடி அணைத்து ஏற்றினால் ஆயுள் குறையும். எரியவே விடுங்கள். 11 வாட்ஸ் விளக்கு நாள் முழுக்க எரிந்தாலும் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 யூனிட்தான் ஆகும். மின்சாரம் போய் வந்தால் விளக்கு முழு வலுவுக்கு வரச் சில நிமிடங்கள் கொடுங்கள்.

ஆறாம் படி: உறையைத் துடைத்தல்

மின்சாரத்தைத் துண்டியுங்கள், தண்ணீரை நிறுத்துங்கள், அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். எரியும் விளக்கை வெறும் கண்ணால் ஒரு நொடியும் பார்க்காதீர்கள், கண்ணும் தோலும் வெந்துவிடும். உறை குவார்ட்ஸால் ஆனது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது என்பதால், உடைந்தால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிச் சமாளிக்க முடியாது. கையுறை போட்டு உருவுங்கள், விரல் ரேகையும் கறையாக நிற்கும். எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து நீளவாக்கில் துடைத்தால் வெள்ளைப் பொருக்கு நுரைத்துக் கரையும். கம்பி நார் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டிருந்தால் புதிதாகப் போட்டு மூடுங்கள்.

விளக்கின் ஆயுள் ஏறக்குறைய 9000 மணி நேரம், அதாவது ஓராண்டு சொச்சம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், வேலை செய்யும் கதிர்தான் தளர்ந்துவிடும். பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். கைதவறி உடைந்தால் சன்னலைத் திறந்து வையுங்கள். விளக்குமாறு வேண்டாம், அட்டையால் வழித்து ஒரு பாட்டிலில் போட்டு மூடுங்கள்.

கழிவுநீருக்கு?

கோவை அடுக்குமாடிகளில் சுத்திகரித்த கழிவுநீரைச் செடிக்கும் கழிப்பறைக்கும் விடும் முன் புற ஊதாக் கதிர் காட்டுவது உண்டு. காற்றூட்டி, தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்ட பிறகு கடைசிப் படியாகத்தான் அது பயன்படும். செப்டிக் டேங்க் தண்ணீரில் நேராக விளக்கைக் கட்டுவது காசுக்குக் கேடு. கதிர்பட்ட தண்ணீரைத் திறந்த தொட்டியில் வெயிலில் விட்டால் சில பாக்டீரியாக்கள் அந்த வெளிச்சத்தைக் கொண்டே தங்கள் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளும். இருட்டான மூடிய தொட்டிதான் சரி.

சாயக் கழிவுக்கு இது தீர்வே அல்ல. சாயமே கதிரை விழுங்கிவிடும், உப்பு அப்படியே நிற்கும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தவை அந்த உப்பும் சாயமும்தான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வழக்கு அவற்றைப் பற்றியதுதான். விளக்கைக் காட்டி அந்தக் கழிவைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் வந்த வழியே அனுப்பிவையுங்கள்.

மின்சாரம் நாள் முழுக்க இல்லையென்றால் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். விறகும் எரிவாயும் இல்லாத இடத்தில், தெளிந்த தண்ணீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி ஓட்டின்மேல் 6 மணி நேரம் வெயிலில் படுக்கவைக்கலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள்.

உறை துடைக்கும் நாள் எனக்கு நினைவில் நிற்பதே இல்லை. அதனால் பண்டிகையோடு கட்டிவிட்டேன். தைப்பொங்கல், சித்திரைக் கனி, ஆடி 18, தீபாவளி என்று நான்கு முறை, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. விளக்கை மாற்றுவது ஊர் மாரியம்மன் நோம்பி சாட்டும், அதாவது திருவிழா அறிவிக்கும், வாரம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே சோக்குப் பெட்டியின்மேல் அந்த ஆண்டின் தேதியை மார்க்கரால் எழுதிவைக்கிறேன். இப்போது அதில் மூன்று தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.