ஒரே மாதிரி இரண்டு சர்வர், ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரண்ட்?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள், ஒரே மாடல், ஒரே சிபியூ, ஒரே அளவு ரேம். லோட் ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் ஒன்றின் யூபிஎஸ் மட்டும் சீக்கிரமே கத்த ஆரம்பித்துவிடும். பேட்டரிகளை இடம் மாற்றிப் போட்டாலும் அதே கதை. சரி என்று ஐபிஎம்ஐ (சர்வரின் வன்பொருளைக் கண்காணிக்கும் வசதி) வழியாக வாட் அளவை எடுத்தால், சும்மா இருக்கும்போதே ஒன்று 70, இன்னொன்று 115.

எது எவ்வளவு சிபியூ எடுக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டில் இரண்டிலும் வேலையே இல்லை. அதை நம்பி உட்காராதீர்கள், கோர்கள் எந்தத் தூக்க நிலையில் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று காட்டும் டர்போஸ்டாட்டை ஓட்டுங்கள். நல்ல சர்வரின் கோர்கள் பெரும்பாலான நேரம் சி6 என்ற ஆழ்ந்த தூக்கத்தில் கிடந்தன, மற்றதில் சி6 பூஜ்யம், எந்தக் கோரும் சி1 என்ற லேசான தூக்கத்தைத் தாண்டவே இல்லை. இந்தத் தூக்கத்தைத் தடுக்கக்கூடிய பயாஸ் அமைப்பும் கெர்னல் பூட் வரியும் இரண்டிலும் ஒன்றுதான்.

அப்புறம் டெவ் அடைவில் இருக்கும் சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி கோப்பை (சிபியூ எவ்வளவு சீக்கிரம் விழிக்க வேண்டும் என்று நிரல்கள் கேட்கும் இடம்) எது திறந்து வைத்திருக்கிறது என்று எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பார்த்ததும் சிஸ்டம் அமைப்புகளை வேலைக்கு ஏற்ப மாற்றும் டியூண்ட் என்ற சேவை சிக்கியது. முன்பு யாரோ அதில் தாமதத்தைக் குறைக்கும் லேட்டன்சி பெர்ஃபார்மன்ஸ் ப்ரொஃபைலைப் போட்டிருக்கிறார்கள். அது அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு சிபியூவை ஆழமாகத் தூங்க விடாது. பேலன்ஸ்டு ப்ரொஃபைலுக்கு மாற்றினேன், ரீபூட்கூட வேண்டியிருக்கவில்லை, வாட் 72-க்கு இறங்கியது. டேட்டாபேஸ் வேகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.