சம்பளமில்லாமல் வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிற டீச்சர்களுக்கு

பாம்பனில் யார் வெளிநாடு கிளம்பினாலும் அடுத்த கேள்வி "எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். கீழக்கரை, தொண்டிப் பக்கம் சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர், இல்லாத வீடு குறைவு. எங்கள் தெருவிலும் துபாய், சிங்கப்பூர் என்று ஆட்கள் உண்டு. "வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் தருவாங்க, ரெண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தணும், கம்போடியாவுல" என்று நான் சொன்னபோது அம்மாவுக்குப் புரியவே இல்லை. ஆகவே முதல் வேலை வீட்டில்தான். அங்கே மாதம் என்ன வரும், இங்கே நகைக்கடன் வட்டியும் சீட்டும் எதிலிருந்து போகும், அவசரமென்றால் திரும்பிவர டிக்கெட் காசு எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதி எல்லோரும் இருக்கும்போது பேசுங்கள். ஆறு மாதச் செலவைத் தனியாக வங்கியில் போட்டுப் பாஸ்புக்கை அண்ணன் கையில் கொடுத்த பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

அடுத்தது, யார் மூலமாகப் போவது. ஓர் ஏஜென்சி என்னிடம் "பதிவுக் கட்டணம்" என்று ஒன்றரை லட்சம் கேட்டது. வேலை செய்யப் போகிறவரிடமே பெரிய தொகை கேட்டால் விலகிவிடுங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் உருவானது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு 1958இல் பிரிட்டனில் தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்கள் தொழில் அனுபவம் உள்ளவர்களைத் தேடுகின்றன. ஐ.நா. திட்டத்தில் வாழ்க்கைப் படி, மருத்துவக் காப்பீடு, போய்வரும் செலவு எல்லாம் அவர்களே தருகிறார்கள். நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் என்ன செய்தார்? என்னோடு சேர்ந்து பாடம் நடத்தப்போகும் உள்ளூர் ஆசிரியர் யார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

அனாதை இல்லத்தில் "பிள்ளைகளோடு விளையாடப் பதினைந்து நாள்" என்று வரும் அழைப்பை ஏற்காதீர்கள். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் சொல்லியிருக்கிறது. வந்து போகிற வெளிநாட்டுக்காரர்களுக்காகவே பிள்ளைகளைச் சேர்த்த இடங்கள் உண்டு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் அந்த வழியாகத்தான். பட்டச் சான்றிதழை மாநில அளவில் சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வாங்க வேண்டும். போகிற நாட்டைப் பொறுத்துத் தூதரக முத்திரையும் கேட்கலாம். அரசுப் பள்ளியில் இருப்பவர் துறையின் தடையின்மைச் சான்று கையில் வராமல் டிக்கெட் போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை, முதல் ஊசிக்கும் கடைசிக்கும் ஆறு மாதம். எனவே மற்ற எதற்கும் முன்னால் அதைத் தொடங்குங்கள். கிராமத்தில் இருக்கப்போகிறீர்கள் என்றால் நாய்க்கடி ஊசியை முன்கூட்டியே போடுவதைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். காப்பீட்டில், பெரிய சிகிச்சைக்குப் பாங்காக் கொண்டுபோகும் செலவு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் விபத்துக்கு எந்த நிபந்தனையில் பணம் தருவார்கள் என்பதையும் பாருங்கள்.

எனக்குக் கிடைத்த ஊர் கம்போங் சனாங் மாகாணத்தில், புனோம் பென்னிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். கம்போங் என்றால் படகுத் துறை, சனாங் என்றால் பானை. பானைத் துறை என்று கேட்டதுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. டோன்லே சாப் ஏரியிலிருந்து வரும் ஆறு அங்கே ஓடுகிறது. மழைக்காலத்தில் மீகாங் ஆறு நிறைந்ததும் அந்த ஆறு திசை திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடும். ஏரி பல மடங்கு விரியும். தண்ணீர் வடியும்போது மீன்பாடு. அப்போது வகுப்பில் பாதி பெஞ்சு காலி. நம் பக்கம் பாடு நன்றாக இருக்கும் நாட்களில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்தவளுக்கு இது புதிதல்ல. வராத பிள்ளையைத் திட்டாதீர்கள். போய் ஒரு மாதத்துக்குள் அந்த ஊரின் மீன்பாடு, அறுவடை, திருவிழாக் காலண்டரைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதி, அதன்படி பாடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மொழிக்கு மூன்று மாதம் மாலை நேரம் முழுவதையும் கொடுங்கள். கம்போடியர்கள் பேசுவது கெமர், அதன் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. மெய்யெழுத்துகள் நம் வல்லினத்தைப் போலவே க, ச, ட, த, ப வரிசையில் போகும், ஒவ்வொரு வரிசையும் மூக்கொலியில் முடியும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாததுதான் கஷ்டம். எண்களைக் கற்றபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஐந்து என்பது ப்ராம், ஒன்று என்பது மோய், ஆறு என்பது ப்ராம்-மோய். அதாவது ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாமே ஐந்தின் மேல் ஏறி நிற்கும். விரல் விட்டுக் கூட்டச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? என் முதல் நல்ல வகுப்பு அதிலிருந்துதான் வந்தது.

ஆசிரியையை "நேக் க்ரூ" என்பார்கள். குரு என்ற சொல்தான் அது. கை கூப்புவதில் உயரம் உண்டு: சமவயதினருக்கு நெஞ்சளவு, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மூக்களவு. வயதைக் கேட்டுக்கொண்டு மூத்தவரை "பொங்" என்று கூப்பிடுங்கள், நாம் அக்கா, அண்ணே என்பதுபோல. நாம் பிள்ளைகள் தலையைத் தடவி "நல்லா இரு" என்போமே, அதை அங்கே செய்யாதீர்கள். தலை அவர்களுக்குப் புனிதம். இந்தப் பழக்கத்தை விட எனக்கு வெகுநாள் ஆனது.

சாப்பாட்டுக்குப் புளி, தேங்காய் கிடைக்கும். "ப்ரஹோக்" என்ற புளித்த மீன் விழுது மண்டபம் கருவாட்டுக் கிடங்கில் வளர்ந்த மூக்குக்கு ஒன்றும் செய்யாது. பெருங்காயமும் குழம்புப்பொடியும் எடுத்துப்போனால் போதும். டாலரும் ரியலும் இரண்டும் புழங்கும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைக் கடையில் வாங்க மாட்டார்கள், இங்கிருந்து மாற்றும்போதே புது நோட்டாகக் கேளுங்கள்.

இனி சொல்வதைத்தான் நீங்கள் முக்கியமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் போய் இரண்டாம் மாதம் சாயங்காலம் இலவச ஆங்கில வகுப்பு தொடங்கினேன். நாற்பது பிள்ளைகள் வந்தார்கள், எனக்குச் சந்தோஷம். அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை மட்டும் என்னோடு பேசுவதைக் குறைத்தார். அங்கே பள்ளி காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டு. சம்பளம் போதாத ஆசிரியர்கள் மிச்ச நேரத்தில் டியூஷன் எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். என் வகுப்பில் இருந்த நாற்பதில் பதினெட்டுப் பேர் அவரிடம் காசு கொடுத்துப் படித்தவர்கள். தலைமையாசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாளே வகுப்பை நிறுத்தினேன். அந்த நேரத்தை அவரிடம் கொடுத்தேன்: சேர்ந்து பாடக்குறிப்பு எழுதினோம், உச்சரிப்புப் பயிற்சி செய்தோம், அவர் எனக்குக் கெமர் சொல்லிக்கொடுத்தார். பொல்பாட் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, படித்தவர்களைத் தேடித்தேடிக் கொன்ற நாடு அது. புனோம் பென்னின் துவோல் ஸ்லெங் சிறை அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். போய்ப் பாருங்கள், கரும்பலகை இருந்த அறைகளில் இரும்புக் கட்டில் கிடக்கும். அத்தனைக்குப் பிறகு அங்கே நிமிர்ந்து நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரின் வாழ்வையும் நாம் போய்த் தட்டிப் பறிக்கக் கூடாது.

கடைசி மூன்று மாதம் நீங்கள் கரும்பலகையிடம் போகாதீர்கள். பின் பெஞ்சில் உட்காருங்கள். செய்த அட்டைகள், குறிப்புகள் எல்லாம் கெமரில் அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும். முத்திரையோடு பணிச்சான்று வாங்குங்கள், ஊரில் வேலைக்குச் சேரும்போது கேட்பார்கள்.

திரும்பும் தேதியை ஏப்ரலில் வைக்காதீர்கள். ஏப்ரல் 15இல் இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், அண்ணன் கரையில் இருப்பார், திருச்சி விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவார் என்று நான் கணக்குப் போட்டேன். ஆனால் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. பள்ளி பூட்டியிருந்தது, பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊருக்குப் போய்விட்டார்கள். ஆங்கில ஆசிரியை மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தார். ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்துக்கு டிக்கெட் போடுங்கள்.