ஒரே கட்டையில் சிற்பமும் அச்சும்

மரத்தைக் குடைந்து சிற்பம் செய்வதையும், மரப்பலகையில் மை தடவித் தாளில் அச்சு எடுப்பதையும் கலைக்கல்லூரியில் எங்களுக்குத் தனித்தனி அறைகளில் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே உருளைக்கட்டையில் செய்து பார்க்க விரும்பும் மாணவருக்காக இதை எழுதுகிறேன். வரிசை மாறக் கூடாது என்பதே முக்கியம்: அச்சு முதலில், ஆழம் பிறகு. மேற்பரப்பு ஒருமுறை போய்விட்டால் மை ஒட்ட இடமிருக்காது.

தொடக்கத்திற்கு ஜெலுத்தோங் மரம் ஏற்றது. மலாயாக் காடுகளில் வளரும் இந்த மரம் இலகுவானது. இழைகள் சீராக ஓடுவதால் உளிக்கு எளிதில் வழிவிடும். ஆங்காங்கே பால் ஓடிய சிறு துளைகள் தென்படும். அவை அச்சில் வெள்ளைக் கீற்றுகளாக விழும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். நம் சிங்கப்பூர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் வேங்கைக்கு உறவான அங்சானாவும் ஆசையைத் தூண்டும். ஆனால் பூங்காவில் விழுந்து கிடக்கும் கிளையாக இருந்தாலும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. மேலும் பச்சை மரம் வெடிக்கும். முறையாகப் பெற்ற ஒரு பச்சைக்கட்டையைக் குளிரூட்டிய அறையில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். வெளிப்பகுதி காய்ந்து சுருங்க, உட்பகுதி ஈரமாகவே இருக்க, கட்டை நடுத்தண்டுவரை பிளந்துவிட்டது. இரு முனைகளிலும் மெழுகு பூசி, குளிரூட்டி இல்லாத இடத்தில் மெதுவாக உலரவிட்டிருக்க வேண்டும்.

10 செ.மீ. விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 31.4 செ.மீ.; அச்சின் நீளமும் அவ்வளவுதான். படத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துக் கட்டையில் பதித்துக்கொள்ளுங்கள். அச்சில் இடவலம் மாறும் என்பது எல்லோரும் அறிந்ததே, ஆனாலும் தமிழ் எழுத்துகளைச் செதுக்கும்போது கை பழக்கதோஷத்தில் நேராகவே எழுதிவிடுகிறது.

முதல் சுற்றில் இரண்டு மூன்று மி.மீ. ஆழம் போதும். கோடுகளுக்கு வி வடிவ உளி, அகன்ற வெள்ளைகளுக்கு வளைந்த உளி. இழையின் போக்கிலேயே தள்ளுங்கள், எதிர்த்தால் ஓரம் பிய்ந்துவிடும். வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு என்ற கணக்கு கைக்கு வருவதற்குப் பழைய சிங்கப்பூர் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. 1961-இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் நிகழ்ந்த தீவிபத்தின் பின்விளைவை ஓவியர் லிம் யூ குவான் 1966-இல் மரத்தில் வெட்டி அச்சிட்டார். பேரழிவைக் காட்ட அவருக்குக் கறுப்பும் வெள்ளையும் போதுமாக இருந்தன.

எண்ணெய் மையைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி, ரப்பர் உருளையால் கட்டையில் ஏற்றுங்கள். மை அளவாக இருந்தால் உருளை ஓடும்போது மெல்லிய சீறல் கேட்கும். சளசளவென்று ஒலித்தால் மை அதிகம். கட்டையைத் தாளின்மேல் உருட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் சிறிது வழுக்கினாலும் உருவம் இரட்டிப்பாகிவிடும். ஆகவே கட்டையை அசையாமல் நிறுத்தி, தாளைச் சுற்றுவதே மேல். மை படாத விரற்கடை இடம் ஒன்றை விட்டு, அங்கே தாளின் விளிம்பை ஒட்டி, மல்பெரி நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளை இறுக்கமாகச் சுற்றி, மரக்கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். அந்தக் கரண்டி பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. என் வீட்டில் இது பெரிய வழக்காகிவிட்டது.

வேண்டிய அச்சுப்படிகளை இப்போதே எடுத்துவிடுங்கள். அடுத்த வெட்டுக்குப் பிறகு இந்த நிலை திரும்ப வராது. எட்டு படிகள் எடுத்தால் மூன்றாவதன் கீழ் இடப்பக்கம் 3/8 எனப் பென்சிலால் குறிக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் எண்ணெய் மை காயப் பல நாள் ஆகும், ஆகவே படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள். மையிலுள்ள ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து மூடிய உலோகப் பெட்டியில் வையுங்கள்.

இன்னும் ஆழமாக வெட்டி மறுபடி அச்சிடுங்கள். மூன்று நான்கு சுற்றுகளில் தாள் பள்ளத்தில் தொய்யத் தொடங்கும். அப்போது மையை நிறுத்திவிட்டுக் கொட்டாப்புளியை, அதாவது மரச்சுத்தியலை, கையில் எடுக்கலாம். அடுக்குமாடி வீட்டில் என்றால் பகலில் மட்டும், கட்டையின் அடியில் தடித்த ரப்பர் விரிப்புடன். மை படிந்த தோலைத் தேய்த்து நீக்க வேண்டாம் என்பது என் கருத்து. கறுத்த மேற்பரப்புக்கு நடுவே புதிய வெட்டுகள் வெளிர்நிறமாகத் தெரியும்போது, எது அச்சுக்காக வெட்டியது, எது பிறகு குடைந்தது என்பது பார்த்தவுடன் விளங்கும். விரலில் மை ஒட்டாத நாள்வரை காத்திருந்து தேன்மெழுகு பூசுங்கள். எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆயிற்று.