பைத்தான் ஆவணத்தில் செயற்குறிகளுக்குச் சொல்லடைவுப் பதிவு எழுதுவது எப்படி?

பிறர் எழுதிய பைத்தான் நிரலில் := என்ற குறியை முதன்முறையாகப் பார்க்கும் ஒருவருக்கு அதன் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பைத்தான் ஆவணத்தின் தேடல் பெட்டியில் அந்தக் குறியையே இட்டுப் பார்த்தாலும் பயனில்லை, ஏனெனில் அந்தப் பெட்டி எழுத்துகளும் எண்களும் சேர்ந்த சொற்களை மட்டுமே தேடும், குறிகளை உதறிவிடும். ஆவணத்தின் சொல்லடைவில் (இண்டெக்ஸில்) எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ‘சிம்பல்ஸ்’ பகுதிதான் அவருக்கு உதவும். செயற்குறிகளின், அதாவது ஆபரேட்டர்களின், பதிவுகள் அங்கே சரியாக இருக்க வேண்டியது அதனால்தான்.

ஃபங்ஷன், கிளாஸ் முதலியவற்றுக்குரிய பதிவுகளை ஆவணத்தை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் மென்பொருள் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. செயற்குறிகளோ உரைநடைப் பத்திகளுக்குள் விளக்கப்படுகின்றன. ஆகவே அவற்றின் பதிவுகளை மனிதர்தான் கையால் எழுத வேண்டும், பழுது பார்க்கவும் வேண்டும்.

முதல் படி: மூலத்தை எடுத்தல்

பைத்தானின் மூல நிரலும் ஆவணமும் அடங்கிய சிபைத்தான் களஞ்சியத்தைக் கிட்ஹப்பிலிருந்து உங்கள் கணினிக்கு நகலெடுத்து, அதிலுள்ள ‘டாக்’ கோப்புறைக்குள் செல்லுங்கள். அங்கே ‘மேக் வென்வ்’ என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்தால் தேவையான மென்பொருள்கள் நிறுவப்படும். அதன்பின் ‘மேக் எச்டிஎம்எல்’ கொடுத்தால் முழு ஆவணமும் உருவாகும். முதல்முறை சில நிமிடங்கள் பிடிக்கும். அடுத்தடுத்த முறைகளில் மாறிய கோப்புகள் மட்டுமே மீண்டும் செயலாக்கப்படும்.

இரண்டாம் படி: இருக்கும் பதிவைப் படித்தல்

செயற்குறிகளின் விளக்கம் பெரும்பாலும் ‘ரெஃபரன்ஸ்’ கோப்புறையிலுள்ள ‘எக்ஸ்பிரஷன்ஸ்’ என்ற கோப்பில் இருக்கிறது. அதில் @ குறிக்கான பத்தியின் தலைமேல் இப்படி ஒரு பகுதியைக் காணலாம்.

.. இண்டெக்ஸ்::
   சிங்கிள்: மேட்ரிக்ஸ் மல்டிப்ளிகேஷன்
   பேர்: ஆபரேட்டர்; @ (அட்)

இங்கே படிப்பதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் இச்சொற்கள் அனைத்தும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், நீங்களும் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ‘சிங்கிள்’ என்பது ஒரே ஒரு பதிவை உருவாக்கும். ‘பேர்’ என்பது அரைப்புள்ளிக்கு இருபுறமும் உள்ளவற்றை முன்னும் பின்னுமாகத் திருப்பி இரண்டு பதிவுகளை உருவாக்கும்: குறிகளின் பகுதியில் @ என்பதன் கீழ் ‘ஆபரேட்டர்’ என்றும், ஓ எழுத்தின் பகுதியில் ‘ஆபரேட்டர்’ என்பதன் கீழ் @ என்றும் அது வந்து நிற்கும். 2015ஆம் ஆண்டு வெளிவந்த 3.5 பதிப்பில் அணிகளின் பெருக்கலுக்காக இக்குறி செயற்குறியானது. அதற்கு முன்பே அது, ஃபங்ஷனையோ கிளாஸையோ மாற்றியமைக்கும் டெக்கரேட்டர்களுக்குப் பயன்பட்டு வந்ததால், அதே @ இன் கீழ் ஃபங்ஷன், கிளாஸ் வரையறைகளுக்கான துணைப் பதிவுகளும் உள்ளன.

மூன்றாம் படி: பதிவை எழுதுதல்

எழுதும் முன், இந்தக் குறியைத் தேடி வருபவர் எந்தெந்தச் சொல்லோடு வருவார் என்று சற்று யோசியுங்கள். 2019 அக்டோபரில் வந்த 3.8 பதிப்பு அறிமுகப்படுத்திய := இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குறியை மட்டும் அறிந்தவர் சிம்பல்ஸ் பகுதிக்குப் போவார்; முறையான பெயரைப் படித்தவர் ‘அசைன்மென்ட் எக்ஸ்பிரஷன்’ என்று தேடுவார்; நண்பர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டவருக்கு ‘வால்ரஸ் ஆபரேட்டர்’ என்ற செல்லப்பெயர்தான் தெரிந்திருக்கும். (கடற்குதிரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், வால்ரஸ் என்பது நீண்ட தந்தங்களுடைய கடல் விலங்கு, குறியைச் சாய்த்துப் பார்த்தால் கண்களும் தந்தங்களும் தெரியும்.) எனவே அந்தப் பத்தியின் மேல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ‘சிங்கிள்’ வரி இருப்பது மிகையன்று.

ஒரே குறிக்குப் பல வேலைகள் இருக்கும்போது துணைப் பதிவு இன்றியமையாதது. * என்பது பெருக்கும்; ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் பட்டியலை விரிக்கும்; ஃபங்ஷன் வரையறையில் மீதமுள்ள மதிப்புகளைச் சேர்த்துக்கொள்ளும்; இம்போர்ட் கூற்றில் எல்லாப் பெயர்களையும் இறக்கும். இவை யாவற்றையும் வெறும் * என்றே பதிந்தால் படிப்பவர் நான்கு இணைப்புகளையும் சொடுக்கித்தான் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

குறியின் பின்னால் அடைப்புக்குள் வரும் பெயரை எழுத்துப் பிசகாமல் ஏற்கெனவே உள்ளபடியே எழுதுங்கள். நான் ஒருமுறை ‘* (ஆஸ்டரிஸ்க்)’ என்பதற்குப் பதிலாக வெறும் * என்று எழுதிவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் சொல்லடைவில் ஒரே குறி இரு தனித் தலைப்புகளாகப் பிரிந்து நின்றது. ஆகவே புதிதாக எழுதும் முன், அதே குறி பிற கோப்புகளில் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று ‘கிரெப்’ கட்டளையால் தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

சில குறிகள் ஸ்பிங்க்ஸுக்கே தனிப்பொருள் உடையவை. அரைப்புள்ளி தலைப்பையும் துணைத்தலைப்பையும் பிரிக்கும். ‘சிங்கிள்’, ‘பேர்’ போன்ற வகைச்சொல் இல்லாத சுருக்க வடிவில் காற்புள்ளி ஒரு பதிவை இரண்டாக வெட்டிவிடும். வரியின் தொடக்கத்தில் உள்ள ! குறியோ பதிவின் பகுதியாகக் கருதப்படாமல், அதை முதன்மைப் பதிவாக்கும் ஆணையாகக் கொள்ளப்படும். செயற்குறிகளுக்குச் சுருக்க வடிவைத் தவிர்த்து ‘சிங்கிள்’ அல்லது ‘பேர்’ என்று முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது.

நான்காம் படி: இடமும் இடைவெளியும்

சொல்லடைவிலிருந்து வரும் இணைப்பு, ‘இண்டெக்ஸ்’ கட்டளை எழுதப்பட்ட இடத்துக்கே படிப்பவரைக் கொண்டுவரும். ஆகவே விளக்கப் பத்திக்கு நேர்மேலே அதை வையுங்கள். கீழே வைத்தால் அவர் விளக்கத்தைத் தாண்டி வந்து இறங்குவார். கட்டளைக்கு முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி கட்டாயம். முன்வரி விடுபட்டால் கட்டளை முந்தைய பத்தியின் வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, இரு புள்ளிகளோடு பக்கத்தில் அச்சாகிவிடும். பதிவு வரிகள் மூன்று இடைவெளி உள்தள்ளி நிற்பது பைத்தான் ஆவணத்தின் மரபு.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

மீண்டும் ‘மேக் எச்டிஎம்எல்’ கொடுத்து, திரையில் எச்சரிக்கை ஏதும் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ‘மேக் செக்’ கட்டளை எழுத்தமைப்புப் பிழைகளைச் சுட்டும். பின்பு உருவான சொல்லடைவுப் பக்கத்தைத் திறந்து, குறியின் பகுதியிலும் பெயரின் பகுதியிலும் உங்கள் பதிவைத் தேடி, ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்குங்கள். ஒரே பதிவுக்குப் பல இடங்கள் இருந்தால் முதலிடத்துக்குப் பெயரே இணைப்பாக இருக்கும். மற்றவை [1], [2] என்று பக்கத்தில் வரிசையாக நிற்கும். இந்த எண்களைப் புதியவர்கள் பெரும்பாலும் சொடுக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் பதிவு அவற்றுள் ஒன்றாக ஒளிந்திருந்தால், அதற்குத் தனித் துணைத்தலைப்பு வேண்டுமா என்று மூன்றாம் படிக்குத் திரும்பிச் சென்று பாருங்கள்.