திறந்த இல்லத்துக்குப் போகும் முன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா மகள் தோசையைப் பிய்த்துத் தட்டில் பரப்பிவிட்டு, சாப்பிட்டதுபோலக் காட்டுவாள். முதலில் கைப்பேசியைப் பிடுங்கினேன். தப்பு. பக்கத்தில் உட்காருங்கள். இன்ஸ்டாகிராமில் 'ஒல்லியாக' காணொளிகள் வந்தால் 'விருப்பமில்லை' என்று சேர்ந்தே அழுத்துங்கள். நின்று பார்த்தால் அதுவே மேலும் மேலும் வரும்.

ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. 1998-இல் அங்கே ஆய்வில் பங்கேற்ற பள்ளிப் பெண்களில் 11.3 விழுக்காட்டினர் எடைக்காக வாந்தியெடுத்ததாகச் சொன்னார்கள்.

ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமா காரணம்? உறவும் நட்பும் வீடு தேடி வரும் தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் "என்னமா, குண்டாயிட்ட?" என்று கேட்பது நாம்தானே. (நானும் கேட்டவள்தான்.) யாராவது ஆரம்பித்தால், "முறுக்கு எடுத்துக்குங்க பெரியம்மா" என்று பேச்சை மாற்றுங்கள்.

மயக்கம் வந்தாலோ மாதவிடாய் நின்றாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மற்ற நாளில் அதட்டாமல், எதிரில் உட்கார்ந்து நீங்களும் அதே தோசையைச் சாப்பிடுங்கள்.